ஓடக்காரனும் கவிஞனும்

ஊர் காணச் செல்வோர் கையிலே இக்காலத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்றிலே ஆறு, காடு, பறவை என்பன. மற்றொன்றிலே கோயில், கோட்டை, கல்லறை என்பன. முன்னதற்கு இயற்கை என்று பெயர். பின்னதற்கு மரபுரிமை என்று பெயர். காலையில் ஒன்றைப் பார்த்து, பிற்பகலில் மற்றதைப் பார்த்து, ஊர் முழுவதையும் கண்டுவிட்டோம் என்ற நிறைவோடு திரும்புகின்றனர். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரும் இவ்வாறே செய்கின்றனர்.

இந்தப் பகுப்பு எனக்கு உடன்பாடன்று. நிலமும் பொழுதும் முதல். அவற்றிலே தோன்றும் மரமும் புள்ளும் தொழிலும் கரு. மாந்தர் நெஞ்சத்து ஒழுக்கம் உரி. இம்மூன்றையும் சேர்த்துக் கண்டாலன்றி ஒரு நிலத்தைக் கண்டதாகாது என்பது தொல்காப்பியம் நமக்குத் தந்த கண். அந்தக் கண் தமிழ் நிலத்துக்கு மட்டும் உரியதன்று. எந்த நாட்டு ஆற்றங்கரையிலும் அதைத் திறந்து பார்க்கலாம். பார்த்தால், சுற்றுலாப் பட்டியல் சொல்லாத சில செய்திகள் தெரியும். அவற்றுள் ஒன்று ஆசிரியத் தொழில் செய்வோரைச் சிறிது வருத்தவுங்கூடும். அத்தகைய ஓர் ஊரைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றேன்.

பெல்ஜியம் நாட்டின் வடபாதி பிளாண்டர்ஸ். அங்கே மக்கள் மொழி டச்சு. அதன் அந்நாட்டு வழக்கைப் பிளெமிஷ் என்றும் சொல்வர். அன்ற்வேர்ப் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில், ஸ்கெல்ட் ஆற்றின் வலக்கரையில், சின்ற் அமான்ட்ஸ் என்னும் சிற்றூர் இருக்கின்றது. நெடுங்காலம் தனி நகராட்சியாய் இருந்த இவ்வூர், 2019 ஆம் ஆண்டு தொடக்கம் அயலூராகிய பூர்ஸ் என்பதோடு இணைந்து ஒரே நகராட்சி ஆயிற்று. பூர்ஸ் என்ற பெயர் நம்மிற் சிலருக்கு நினைவிருக்கலாம். கொரோனாக் கொள்ளைநோய்க்கான பைசர் தடுப்பூசி 2020 இலிருந்து பெருந்தொகையாக உற்பத்தியான ஊர் அது. ஏழாம் நூற்றாண்டிலே அந்நாட்டுக்குக் கிறித்தவ சமயத்தைக் கொண்டுசென்ற அமாந்துஸ் என்னும் துறவியின் பெயரையே சின்ற் அமான்ட்ஸ் தாங்கி நிற்கின்றது. அவர் பெயராலமைந்த தேவாலயம் ஆற்றை அடுத்தே உள்ளது.

கடந்த ஆண்டு புரட்டாதியில், அன்ற்வேர்ப்பில் வாழும் என் தமக்கையார் மகனோடு அவ்வூருக்குச் சென்றேன். முதலில் ஆற்றைச் சொல்ல வேண்டும். ஆற்றைச் சொல்லாமல் அவ்வூரைச் சொல்ல முடியாது.

ஸ்கெல்ட் வட பிரான்சிலே பிறந்து, பெல்ஜியத்தின் ஊடாக ஓடி, நெதர்லாந்திலே வ்லிசிங்கன் என்னுமிடத்தில் வடகடலைச் சேர்கின்றது. நீளம் ஏறத்தாழ 350 கிலோமீற்றர். மலையாறன்று, சமநிலத்து ஆறு, ஆகையால் மெதுவாக நடக்கும். அதன் வியப்பு நடையில் இல்லை, மூச்சில் இருக்கின்றது. கடலின் வற்றுப்பெருக்கு இந்த ஆற்றிலே 160 கிலோமீற்றர் உள்நாட்டில் உள்ள கென்ற் நகரம் வரையில் ஏறிச் செல்கின்றது. அங்கே கட்டப்பட்ட மதகுகள் மறித்திராவிட்டால் இன்னும் மேலே செல்லும். சின்ற் அமான்ட்ஸ் கடலுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் தொலைவில் உள்ள ஊர். ஆயினும் அங்கே நாளுக்கு இருமுறை ஆறு ஏறுகின்றது, இருமுறை இறங்குகின்றது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஐந்து மீற்றர். நம் கரைகளிலே வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்குள்ளே அடங்கிவிடுவதை எண்ணிப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும்.

கடலின் அசைவு அங்கே வருகின்றதேயன்றிக் கடலின் உப்பு வருவதில்லை. உப்பு நீர் கீழேயே நின்றுவிடுகின்றது. ஆகவே அவ்விடத்தில் ஆறு நன்னீராகவே இருந்துகொண்டு கடலைப் போல ஏறி இறங்குகின்றது. இத்தகைய நன்னீர் ஓதநிலங்கள் ஐரோப்பாவில் மிகச் சில. நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுத்திட்டுகளிலே பறவைகள் இரை தேடுகின்றன. அவற்றுக்கு மேலே நாணல். நாணலுக்கு மேலே வில்லோ மரங்கள். அவற்றுக்கும் மேலே மனிதன் கட்டிய மண்ணணை. அணையின் முதுகிலே துவிச்சக்கரவண்டிப் பாதை செல்கின்றது. அந்தப் பாதையில் நிற்கின்றவனுக்கு ஒரு பக்கம் ஆறும், மறுபக்கம் ஆற்றினும் தாழ்ந்த வயல்களும் தெரிகின்றன. அவ்வயல்கள் ஆற்றினிடமிருந்து நூற்றாண்டுகளாகப் பிடித்துக்கொண்ட நிலங்கள். அங்கே இயற்கை எது, மனிதன் ஆக்கியது எது என்று கோடு கிழித்துக் காட்டுவார் யார்?

ஊர்க்கரையில் ஆறு அழகியதொரு வளைவு வளைகின்றது. அவ்வளைவை நோக்கி, தேவாலயத்தின் அருகிலே, கரிய கல்லால் ஆகிய கல்லறை ஒன்று இருக்கின்றது. அதிலே கிடப்பவர் எமில் வெர்ஹாரன் என்னும் கவிஞர்; அவருடைய மனைவியாரும் அங்கேயே துயில்கின்றார்.

வெர்ஹாரன் 1855 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆந் திகதி அவ்வூரிலே பிறந்தவர். சட்டம் கற்று, அத்தொழிலை விட்டுக் கவிதைக்கு வந்தார். பிளாண்டர்சின் வயல், பஞ்சம், நகரை நோக்கிப் பெயர்ந்த குடிகள், ஊரை விழுங்கும் நகரம் ஆகியவற்றைப் பாடினார். ஸ்ரெபான் சுவைக் போன்றோர் அவரை ஜெர்மன் மொழியிற் பெயர்த்துப் போற்றினர். முதலாம் உலகப்போரின் நடுவே, 1916 நவம்பர் 27 இல், பிரான்சு நாட்டு றுவான் நகரப் புகைவண்டி நிலையத்திலே வண்டியின் கீழ் விழுந்து இறந்தார். போர் நடந்தமையால் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவர இயலவில்லை. பெல்ஜியத்தில் எதிரி கைப்பற்றாது எஞ்சியிருந்த சிறு மூலையிலே அடக்கம் செய்தனர். 1927 இலேதான் அவர் தம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயரால் ஒரு நூதனசாலையும் அவ்வூரில் உண்டு.

கல்லறையருகே நின்றபோது என் மருமகன் ஒரு கேள்வி கேட்டான்.

"பிரெஞ்சிலை எழுதின ஆளுக்கு, டச்சு பேசுற ஊரிலை ஏன் மாமா இவ்வளவு மரியாதை?"

கேள்வி சிறிது, பொருள் பெரிது. வெர்ஹாரன் தம் கவிதைகளை எழுதியது பிரெஞ்சு மொழியில். அவரைச் சூழ்ந்திருந்த ஊர் பேசியது பிளெமிஷ். ஒரு மொழியிலே பாடியவர் மற்றொரு மொழியின் மண்ணிலே கிடக்கின்றார். இவர் யாருடைய கவிஞர்?

இதற்கு விடை காண வேண்டுமாயின் கல்லறையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும்.

1830 இலே பெல்ஜியம் தனி நாடாயிற்று. அக்காலத்தில் அரசும் நீதிமன்றும் உயர்கல்வியும் பிரெஞ்சு மொழியிலே நடந்தன. பிளாண்டர்சிலும் அதுவே நிலை. வசதி படைத்த குடும்பங்கள் வீட்டிலும் பிரெஞ்சு பேசின. துணி வணிகர் வீட்டுப் பிள்ளையாகிய வெர்ஹாரன் வீட்டிலே பிரெஞ்சும் தெருவிலே பிளெமிஷும் கேட்டு வளர்ந்தார். பின்னர் கென்ற் நகரத்து இயேசு சபைக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அந்நகரம் பிளெமிஷ் நகரம். அக்கல்லூரியின் கல்வி பிரெஞ்சுக் கல்வி. ஜோர்ஜ் ரொடன்பாக் அவருடன் பயின்றவர். மோறிஸ் மேற்றர்லிங் அதே கல்லூரியிலே பின்னர் பயின்றவர். மூவரும் பிளாண்டர்ஸ் நாட்டார்; மூவரும் பிரெஞ்சிலே எழுதிப் புகழ் பெற்றார்; மேற்றர்லிங் 1911 இலே நோபல் பரிசும் பெற்றார். ஒரு பள்ளிக்கூடம், மூன்று பிள்ளைகள், ஒரே விளைவு. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியுமா? பள்ளிக்கூடம் எந்த மொழியிலே சிந்திக்கக் கற்பிக்கின்றதோ அந்த மொழியிலேதான் பிள்ளை பாடும்.

ஓர் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1883. வெர்ஹாரனின் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது அவ்வாண்டில், பிளாண்டர்ஸ் நாட்டு மக்களைப் பற்றிய தொகுதி அது, பிரெஞ்சிலே எழுதப்பட்டது. பிளாண்டர்சின் அரசினர் இடைநிலைப் பாடசாலைகளிலே சில பாடங்களை மக்கள் மொழியிற் கற்பிக்க வழிசெய்த சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில். சட்டம் வந்தபோது கவிஞருக்கு வயது இருபத்தெட்டு. அவருடைய மொழி முன்பே முடிவாகிவிட்டது.

அதன் பின்னும் போராட்டம் நெடிது. 1898 இலே சட்டங்களில் டச்சு மொழிக்குப் பிரெஞ்சோடு சம நிலை கிடைத்தது. 1930 இலே கென்ற் பல்கலைக்கழகம் முற்றாக டச்சு மொழிக்கு மாறிற்று. 1962, 1963 ஆம் ஆண்டுகளிலே மொழி எல்லை சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. ஒரு மக்கள் தம் மொழிக்குரிய இடத்தைத் தம் நாட்டிலேயே பெறுவதற்கு நூறாண்டுக்கு மேலாயிற்று.

இந்த வரலாற்றை அறிந்தோர் சிலர், "தம் மக்களின் மொழியைக் கைவிட்டவர் அம்மக்களின் கவிஞர் ஆகார்" என்று தீர்ப்பளிக்கக்கூடும். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. வெர்ஹாரனுக்கு மூத்த தலைமுறையிலே குய்டோ கெசெல்லெ என்னும் குருவானவர் வாழ்ந்தார். 1830 இலே பிறந்து 1899 இலே மறைந்தவர். நம்மைப் போல ஆசிரியத் தொழில் செய்தவர். மேற்குப் பிளாண்டர்சின் நாட்டு வழக்கிலேயே எழுதி, அவ்வழக்கு உயர்ந்த கவிதையைத் தாங்கும் என்று செய்து காட்டினார். அவரால் இயன்றது வெர்ஹாரனால் ஏன் இயலவில்லை என்று கேட்கலாம்.

கேட்கலாம், ஆனால் தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். இளம் பிள்ளையை ஒரு மொழிக்குள்ளே கொண்டுபோய் விட்டவர்கள் பெரியவர்கள்; விட்டது ஓர் ஆட்சிமுறை. வளர்ந்தபின் அப்பிள்ளை அம்மொழியிலே பாடினால், குற்றத்தைப் பிள்ளைமேற் சுமத்துவது முறையன்று. அன்றியும், அவர் பாடிய பொருள் யாது? பாரிஸ் மாளிகையன்று. தம் ஊர் ஆறு, தம் ஊர் மழை, தம் ஊர்க் கொல்லன், தம் ஊர்க் குழிவெட்டி, தம் ஊர் ஓடக்காரன். மொழியைப் பள்ளிக்கூடம் மாற்றிற்று. நிலத்தை அதனால் மாற்ற முடியவில்லை. முதலும் கருவும் ஸ்கெல்ட் கரையினவாகவே நின்றன. பிளாண்டர்சின் நிலத்தை அறியாத பிரெஞ்சு வாசகனுக்கு அவர் கவிதை ஒரு புதுமை. அந்த நிலத்தானுக்கு அது வீட்டு முற்றம்.

1895 இலே வெளிவந்த தொகுதி ஒன்றிலே அந்த ஓடக்காரனைப் பற்றிய கவிதை இருக்கின்றது. அக்கரையிலிருந்து யாரோ அழைக்கின்றார். ஓடக்காரன் நீரோட்டத்துக்கு எதிரே துடுப்பை வலிக்கின்றான். அவன் பற்களுக்கிடையே ஒரு பச்சை நாணல். துடுப்பு முறிகின்றது, சுக்கானும் போகின்றது, அக்கரை கிட்டுவதில்லை. முதியவன் தோற்றுக் கரையிலே மீண்டும் ஒதுக்கப்படுகின்றான். ஆயினும் அந்த நாணலை அவன் விடவில்லை. அவ்வளவே கதை. சின்ற் அமான்ட்ஸ் கரையிலே நின்று, ஐந்து மீற்றர் ஓதம் இறங்கும் வேகத்தைக் கண்ணாற் கண்டவனுக்கு இந்தக் கவிதை கற்பனை என்று தோன்றாது. அந்த நீருக்கு எதிரே வலிப்பது எத்தகைய தொழில் என்று அவன் கை அறியும். பற்களுக்கிடையே உள்ள நாணல் எங்கே முளைத்தது என்று அவன் கண் அறியும். ஓதம் இல்லையேல் அந்த ஓடக்காரன் இல்லை. ஓடக்காரன் இல்லையேல் அந்தக் கவிதை இல்லை. கவிதை இல்லையேல் கரையிலே அந்தக் கல்லறையும் இல்லை. இதை இயற்கை என்ற பட்டியலிலே எழுதுவதா, மரபுரிமை என்ற பட்டியலிலே எழுதுவதா?

நிற்க. இந்த இடத்திலேதான் ஆசிரியராகிய நாம் வருந்தவேண்டிய செய்தி வருகின்றது. வெர்ஹாரன் பாடிய காலத்திலே அவ்வூரில் ஓடம் வலித்த மனிதனை நினைத்துப் பாருங்கள். அவன் தொழிலை, அவன் உறுதியை, அவன் வாயில் இருந்த நாணலை ஐரோப்பா முழுவதும் படித்துப் போற்றிற்று. அவனைப் போன்றோரின் மொழி பிளெமிஷ். கவிதையோ பிரெஞ்சு. தன்னைப் பற்றிய கவிதையைப் படிக்க அவனுக்கு வழியில்லை. கவிஞன் தன் மக்களைப் பாடினான். மக்கள் கவிஞனைக் கேட்கவில்லை. இந்த இழப்பைக் கல்லறையின் அழகு மறைத்துவிடக் கூடாது. வெர்ஹாரன் உலகக் கவிஞர் என்று புகழ்வோர் இதைச் சொல்லாது விடுகின்றனர். அவர் நம்மவர் அல்லர் என்று தள்ளுவோரோ இழப்பை உணர்ந்தும், அதற்குக் காரணமான பள்ளியை விட்டுக் கவிஞரைப் பிடிக்கின்றனர். இரு சாராரும் பாதி உண்மை பேசுகின்றனர் என்பதே என் கருத்து.

அவ்வூர் மக்கள் முழு உண்மையைத் தேர்ந்தனர் என்று நான் கொள்கின்றேன். அவர்கள் தம் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று அங்கே பள்ளியும் அலுவலகமும் டச்சு மொழியிலேயே நடக்கின்றன. கவிஞரையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஊரிலே சிறந்த இடம் எதுவோ, ஆறு வளையும் அந்த இடத்தை அவருக்குத் தந்திருக்கின்றனர். மொழிப் பூசல் தணிந்தபின் தந்ததன்று அது. 1927 இலே, கென்ற் பல்கலைக்கழகத்தின் மொழி எது என்ற வழக்கு இன்னும் கொதித்துக்கொண்டிருந்த காலத்திலே தந்தது.

அம்மக்கள் தம் ஆற்றோடு பழகும் முறையிலும் இத்தகைய தெளிவு ஒன்று காணப்படுகின்றது. 1976 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆந் திகதி, வடகடற் புயல் ஓதத்தை உள்ளே தள்ளிற்று. அணை உடைந்தது. இன்று சின்ற் அமான்ட்ஸோடு ஒரே நகராட்சியிலே இருக்கும் றவுஸ்புறூக் என்னும் ஊர் நீரில் மூழ்கிற்று. மறு ஆண்டு சிக்மா திட்டம் என்ற வெள்ளத்தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. அணைகளை உயர்த்தினர், அதனோடு நில்லாமல் ஆற்றுக்கு இடமும் விட்டனர். சில தாழ்நிலங்களிலே ஆற்றோரத்து அணையைத் தாழ்த்தி, உள்ளே தள்ளி உயர்ந்த அணை ஒன்றைக் கட்டினர். புயற்காலத்திலே மிகும் நீர் தாழ்ந்த அணையைத் தாண்டி அந்நிலத்திலே தேங்கும். ஓதம் இறங்கியபின் மதகு வழியே ஆற்றுக்குத் திரும்பும். கீழே குறுய்பேக்க என்னுமிடத்தில் இவ்வாறு ஏறத்தாழ 600 ஹெக்டேயர் நிலம் ஆற்றுக்கு விடப்பட்டு, 2015 இலே பயனுக்கு வந்தது. உழுத நிலத்தை இழந்த விவசாயிகள் எதிர்த்தனர். அவர்கள் துயரமும் உண்மையானதே. ஆனால் ஊர்கள் காக்கப்படுகின்றன. நாணலும் பறவையும் மீள்கின்றன.

நீரின் தூய்மையிலும் மாற்றம் நேர்ந்தது. பிரசெல்ஸ் நகரின் கழிவுநீர் நெடுங்காலம் தூய்மை செய்யப்படாமலே கிளையாறுகள் வழியாக ஸ்கெல்ட்டை அடைந்தது. 2007 இலே அந்நகரின் பெரிய சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர் ஆற்றுக்கு மீன்கள் திரும்பின. ஓர் ஆற்றை மாசுபடுத்துவதும் மனிதர் முடிவு. மீட்பதும் மனிதர் முடிவு. பள்ளியின் மொழியும் அத்தகையதே.

ஆகவே ஆசிரிய அன்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இது. எந்த ஊருக்குச் சென்றாலும் பட்டியலை மடித்து வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த நிலமும் நீரும் எவ்வாறு இயங்குகின்றன? அவ்வியக்கத்தோடு இங்குள்ளோர் எவ்வாறு தொழில் செய்து பிழைத்தனர்? அவர்களைப் பற்றி எழுதப்பட்டதை அவர்கள் படிக்க முடிந்ததா? முதற் கேள்வி புவியியல் ஆசிரியருக்கு உரியது என்றும், இரண்டாவது சரித்திர ஆசிரியருக்கு உரியது என்றும் ஒதுக்கிவிடலாம். மூன்றாவது கேள்வியை மொழி கற்பிக்கும் நாம் ஒதுக்க முடியாது.

கவிஞருக்குக் கல்லறை எழுப்புவது நன்று. கவிஞர் பாடிய மனிதனின் பிள்ளைக்கு, அக்கவிதையைத் தன் மொழியிலே படிக்கும் கல்வியைத் தருவது அதனினும் நன்று. சின்ற் அமான்ட்ஸ் மக்கள் இரண்டையும் செய்தனர். இரண்டாவதற்குத்தான் நெடுங்காலம் பிடித்தது. இன்று அந்தக் கரையிலே விளையாடும் பிள்ளை, தன் ஊர் ஓடக்காரனைப் பற்றிய கவிதையைத் தன் மொழிபெயர்ப்பிலும் படிக்கலாம். பிரெஞ்சைக் கற்று மூலத்திலும் படிக்கலாம். அவனுடைய பாட்டனாரின் பாட்டனாருக்கு அந்த இரண்டு வழியும் இருக்கவில்லை.